கிடாவுக்கு வந்த சட்டம்

போன ஞாயிற்றுக்கிழமை தா.பழூர் பக்கம் ஒரு கிராமத்துக்குக் கறிச்சோறு சாப்பிடப் போய், சாம்பார் சோறு சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். காரணம் அரசாங்கம் என்றால் நம்புவீர்களா?

அங்கே என் பெரியப்பா மகள் ராசாத்தி அக்கா இருக்கிறாள். மச்சான் கால் முறிந்து படுத்தபோது, அவர் எழுந்து நடந்தால் கிடா வெட்டுவதாகக் குலசாமிக்கு வேண்டிக்கொண்டாள். நடந்துவிட்டார். கிடாவோடு போனால் கோயில் வாசலில் போலீஸ்! ஐம்பது வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்த பலித் தடைச் சட்டத்தை அப்போதுதான் தட்டி எழுப்பியிருந்தார்கள்.

"இங்க வெட்டுனா கேஸும்மா" என்றார் ஏட்டு.

"வெட்டலன்னா சாமி கேஸ் போட்டுடுமே சார். மனுசன் மறுபடி படுத்துட்டா நீங்களா வந்து பாப்பீங்க?"

ஏட்டு என்ன செய்வார், பாவம்? மேலிடத்து ஆர்டர்.

கிடா வீடு திரும்பியது. சாமிக்கு நேர்ந்து விட்டதை விற்கவும் முடியாது, அடிக்கவும் முடியாது. ஊரார் வயலிலெல்லாம் புகுந்து மேய்ந்தது... கேட்க ஆளில்லை. 'எம்.எல்.ஏ.' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அக்கா மட்டும், சாமி சொத்தாயிற்றே என்று வெள்ளிக்கிழமைதோறும் அதை மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டினாள்.

பிறகு? எலெக்‌ஷன் நெருங்கியது. எழுப்பியவர்களே அந்தச் சட்டத்தை ஒழித்துக்கட்டினார்கள். எனக்கும் விருந்துக்கு அழைப்பு வந்தது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். வெட்டுவதற்கு முன் கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். பூசாரி ஒரு சொம்பு ஊற்றினார். கிடா அசையவில்லை. இரண்டாவது சொம்புக்குச் சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டது. வாராவாரம் குளித்துப் பழகிய உடம்பல்லவா? ஏழாவது சொம்பில் பூசாரி அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்.

"உத்தரவு வரல தாயி."

அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அப்ப இவுருக்கு ஏதாச்சும் ஆயிடுங்களா?"

"நீ கொண்டாந்து நிறுத்திட்ட. சாமிதான் வேணாங்குது. ஓட்டிட்டுப் போ, ஒண்ணும் ஆவாது."

அக்கா கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான் — கறி போன வருத்தம் தனி.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்தேன். தடை போட்டபோது அக்காவை யாராவது கேட்டார்களா? எடுத்தபோதாவது? 'ஆம்' என்று குரல் கொடுத்துச் சட்டம் போடுகிறவர்கள் யாரும் அதில் வெட்டுப்படுவதில்லை.

வெட்டுப்படப் போகிறவரின் சம்மதத்தை முதலில் கேட்க வேண்டும் என்ற விதி அந்தக் கோயிலில் இருக்கிறது... கோட்டையில் இல்லை.