இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தினேன்

இது நடந்து மூன்று வருடம் இருக்கும். மாசி மாதம், பின்னேரம் மூன்று மணி போல. கந்தப்பளையிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு இறங்கும் பாதையில்தான் நடந்தது. நான் டவுனில் ஒரு கராஜில் மெக்கானிக். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. தொழில் தெரியும் என்கிற நினைப்பு மட்டும் வயதுக்கு மீறி இருந்தது.

என்னிடம் ஒரு பழைய ஜப்பான் கார் இருந்தது. நான் பிறப்பதற்கு முன்பே கப்பலில் வந்து இறங்கிய வண்டி. பின்சக்கரங்களை எஞ்சின் சுழற்றும் வகை என்பதால் டிரிஃப்ட் பைத்தியம் பிடித்தவர்களுக்கு அது பொக்கிஷம். டிரிஃப்ட் என்றால், வளைவில் பின்சக்கரங்களை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, காரைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகிற விளையாட்டு. ஏப்ரல் சீசனுக்கு முன்னால் நுவரெலியாப் பக்கம் ஒரு மைதானத்தில் நாலைந்து கார்க்காரர்கள் கூடி ஓட்டுவார்கள். அதில் நானும் ஓட்ட வேண்டும் என்று ஆசை. ஆனால் என் காரின் எஞ்சினுக்கு மேட்டில் ஏறவே மூச்சு வாங்கும், இதில் எங்கே வழுக்குவது?

அதனால் ஒரு பழைய வேனின் பெரிய எஞ்சினைத் தேடிப் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கராஜின் பின்பக்கம் வேலை. எஞ்சின் உட்காரும் தாங்கிகளை வெட்டி இடம் மாற்றி வெல்டிங் வைத்தேன். கியர்பொக்ஸ் இடித்த இடத்தைச் சுத்தியலால் அடித்து உள்ளே தள்ளினேன். பொனெட் மூட மாட்டேன் என்றது, அதில் ஒரு ஓட்டை போட்டேன். இவ்வளவு வேகமான எஞ்சினுக்குப் பழைய பிரேக் காணாது என்று பூஸ்டர் உள்ள பிரேக்கையும் பூட்டினேன். எஞ்சின் ஓடும்போது அது உறிஞ்சுகிற காற்றின் பலத்தை வைத்து, லேசாக மிதித்தாலே பிரேக் நன்றாகப் பிடிக்கும்படி செய்வதுதான் பூஸ்டர். காரில் இருந்த கைப்பிரேக்கைக் கழற்றி வைத்துவிட்டேன். டிரிஃப்டுக்கென்று நீளமாக ஒன்று செய்து பூட்டுவதாகத் திட்டம்.

அன்றைக்குத்தான் முதல் ஓட்டம். மேட்டில் கார் ஏறியதைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. அப்படியே வீட்டில் காட்டிவிட்டு வரலாம் என்று தோட்டப் பாதையில் திருப்பினேன்.

எங்கள் பக்கத்து டிரைவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நீண்ட இறக்கம் வந்தால் கியரை நியூட்ரலில் போட்டு, எஞ்சினை நிறுத்திவிட்டு, வண்டியைச் சும்மா உருளவிடுவார்கள். பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் இது இன்னும் ஊறிப்போனது. என் பழைய எஞ்சினோடு நூறு தடவை அப்படி இறங்கியிருக்கிறேன். அப்போது காரில் பூஸ்டர் இல்லை, எஞ்சின் ஓடினாலும் நின்றாலும் பிரேக் ஒரே மாதிரிதான். பழக்கம் பொல்லாதது. இறக்கம் ஆரம்பிக்கிற வளைவில் கை தானாகச் சாவிக்குப் போனது. புது எஞ்சின் பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கிறது என்பதும் மனதில் ஓடியிருக்கும்.

எஞ்சின் நின்ற பிறகும் பூஸ்டரில் இரண்டு மூன்று மிதிக்குப் பலம் மிச்சமிருக்கும். எந்த மெக்கானிக்குக்கும் தெரிந்த பாலபாடம் இது. முதல் வளைவில் மிதித்தேன், பிடித்தது. இரண்டாவதில் பிடித்தது. மூன்றாவதில் பெடல் கல்லாகிவிட்டது. இரண்டு காலாலும் மிதித்தேன், வேகம் பெரிதாகக் குறையவில்லை. கைப்பிரேக்குக்குக் கை போனது, அங்கே வெறும் ஓட்டைதான் இருந்தது. கியரைப் போடப் பார்த்தேன். பதற்றத்தில் அது விழவில்லை.

வளைவுக்குக் கீழேதான் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் இடம். பத்துப் பன்னிரண்டு பெண்கள் சாக்குகளோடு பாதையோரம் வரிசையாக நின்றார்கள். ஹோர்னை அழுத்தினேன். அந்தப் பாதையில் இளவட்டங்கள் சும்மாவே ஹோர்ன் அடித்துக்கொண்டு போவது வழக்கம் என்பதால் யாரும் நகரவில்லை. வரிசையின் கடைசியில் ஒரு அக்கா தன் கொழுந்துச் சாக்கின் மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் திரும்பிப் பார்த்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தார், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து ஓடினார்.

நான் ஸ்டியரிங்கை மலைப்பக்கம் திருப்பினேன். ஒரு பக்கச் சக்கரங்கள் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்க, கார் மண்மேட்டை உரசிக்கொண்டே போய் நின்றது. யாருக்கும் அடி ஒன்றும் இல்லை. இறங்கிப் பார்த்தால், அந்த அக்கா உட்கார்ந்திருந்த சாக்கு முன் பம்பருக்கு அடியில் கிடந்தது. அப்படியே பாதையில் உட்கார்ந்தேன்.

நாலு அடி விழும் என்றுதான் நினைத்தேன். அந்த அக்கா வந்து குனிந்து, “தம்பி, கை கால் அசையுதா பாருங்க” என்றார். போத்தலில் இருந்த, பால் விடாத பிளேன்டீயை என் வாயில் வைத்தார். வேறொருவர், “பிரேக்கு போயிருச்சா?” என்று கேட்டார்.

“ஆமாங்க” என்றேன்.

சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். மிச்சத்தை அவர்களே சொல்லிக்கொண்டார்கள். “பிரேக்கு இல்லாத வண்டிய நம்ம மேல விடாம கான்ல விட்டுட்டாரு பாரு, இல்லைன்னா இன்னைக்கு எத்தனை பேரு போயிருப்போம்” என்றார் ஒருவர். வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளைகூட வந்து என் முதுகில் தட்டினார். எல்லோருமாகச் சேர்ந்து காரைத் தூக்கிப் பாதையில் வைத்தார்கள். நசுங்கிய சாக்கில் பாதிக் கொழுந்து மண்ணோடு மண்ணாகிவிட்டது. நிறுவை குறைந்தால் அந்த அக்காவுக்கு அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரை நாள் வேலை செய்ததாகத்தான் எழுதுவார்கள். மற்றப் பெண்கள் ஆளுக்கு இரண்டு கை கொழுந்தைத் தங்கள் சாக்கிலிருந்து அள்ளி அவர் சாக்கில் போட்டுவிட்டு வரிசைக்குப் போனார்கள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவமானமாக இருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்த வாய் நம்மைப் புகழும்போது மூடியை யார் தேடுவார்? ஒரு வாரத்தில் நான் தோட்டத்துக்கே வேண்டியவனாகிவிட்டேன். அம்மா கோயிலில் தேங்காய் உடைத்தார். கடையில் டீக்குக் காசு வாங்கவில்லை. காருக்குப் புதுக் கைப்பிரேக்கைப் பூட்டி, சொன்ன நாளில் மைதானத்துக்குக் கொண்டுபோய் டிரிஃப்டும் ஓட்டினேன். மனச்சாட்சி உறுத்தி ஓட்ட முடியவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. கார் அழகாக வழுக்கியது, சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

மூன்று வாரம் கழித்து அந்த அக்கா கராஜுக்கு வந்தார். அவருடைய கணவர் ஓட்டும் ஆட்டோவில் இருவருமாக வந்திருந்தார்கள்.

“இவரு வேற எங்கயோ காட்டலாம்னாரு. நான்தான் இங்க கூட்டியாந்தேன். ஸ்கூல் புள்ளைங்கள ஏத்துற வண்டி, பிரேக்க நல்லா பாத்துக் குடுங்க தம்பி” என்றார்.

சக்கரத்தைக் கழற்றினேன். பிரேக் லைனிங் கருகிக் கிடந்தது. மாற்றி ஆறு மாதம்கூட ஆகவில்லையாம். இறக்கத்தில் கியரில் வராமல் பிரேக்கை மட்டுமே நம்பி வந்தால்தான் இப்படிக் கருகும்.

“அண்ணே, இறக்கத்துல எப்பிடி வருவீங்க?” என்று கேட்டேன்.

“எல்லாரும் வர்ற மாதிரிதான். ஆஃப் பண்ணிட்டு சும்மா விட்டா அதுபாட்டுக்கு வரும்” என்றார் அவர். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

ஸ்பேனரைக் கீழே வைத்தேன். இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

“அக்கா, அன்னைக்கு என் கார்ல பிரேக்கு போகலைங்க. நானும் இறக்கத்துல ஆஃப் பண்ணிட்டுத்தான் வந்தேன். அதனாலதான் பிடிக்கல. கைப்பிரேக்கும் நான்தான் கழட்டி வச்சிருந்தேன்.”

அக்கா ஒரு அடி கிட்டே வந்தார். “அப்ப பிரேக்கு நல்லாத்தான் இருந்துச்சா?” என்றார்.

“நல்லாத்தாங்க இருந்துச்சு.”

திட்டுவார், ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு போவார் என்று காத்திருந்தேன். கணவரின் முகத்தில் சிரிப்பு போயிருந்தது. அக்கா அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“இவருகிட்ட இன்னொரு வாட்டி சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டாரு” என்றார்.

இன்னொரு முறை முழுவதையும் சொன்னேன். லைனிங்கை மாற்றிக் கொடுத்தேன். போகும்போது அந்த அக்கா என்னிடம் வருகிறேன் என்று சொல்லவில்லை, நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை. ஆட்டோ கியரிலேயே இறங்கும் சத்தம் அடுத்த வளைவு வரைக்கும் கேட்டது.

மறக்க முடியாத அனுபவம் எது என்று யாராவது கேட்டால், அந்தச் சாக்கின் மேல் கார் போய் நின்றதைத்தான் நான் சொல்வேன் என்று எதிர்பார்ப்பார்கள். எனக்கு மறக்க முடியாதது அது அல்ல. பாராட்டை வாங்கிக்கொண்டு உண்மையை நான் மறைத்து வைத்திருந்த மூன்று வாரமும், அந்த மனிதர் தினமும் காலையில் ஆட்டோ நிறையத் தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றி, அதே இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார் என்பதுதான்.