வேடியப்பனுக்கு ஒரு ஸ்கேன்

போன வாரம் ஒரு சாமிக்கு ஸ்கேன் எடுக்கப் போயிருந்தேன். சிரிக்காதீர்கள் — நிஜமாகத்தான்.

கே.ஜி.கண்டிகை தாண்டி, வயலை ஒட்டி ஒரு நடுகல் இருக்கிறது. கையில் வில்லோடு ஒரு வீரன். ஊருக்கு அவர் வேடியப்பன். காலடியில் சில வரி எழுத்து. கடைசி வரி மட்டும் தேய்ந்துபோய் யாருக்கும் பிடிபடவில்லை. யாருக்காகச் செத்தான் இந்த மனுஷன்? பதில் அந்த வரியில்தான் இருக்கிறது என்பது பர்வீனின் கட்சி.

பர்வீன் எங்கள் தெருப் பெண். அரக்கோணம் ரோட்டில் மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவரின் மகள். பிஎச்.டி. செய்கிறாள். ஆய்வேட்டின் முக்கியமான அத்தியாயமே அந்த ஒரு வரியை நம்பித்தான் நிற்கிறது.

கண்ணால் படிக்க முடியாததை த்ரீ-டி ஸ்கேனர் படித்துவிடுமாம். விலையைக் கேட்டால் எந்தக் கல்லூரிக்கும் மயக்கம் வரும். அதனால் பல கல்லூரிகள் கூட்டாகச் சேர்ந்து ஒன்று வாங்கியிருக்கின்றன. எடுக்கிற படங்களும் பொதுவில் இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பொது என்றால் க்யூ இல்லாமலா? பர்வீன் மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்தது... ஒரு பகல். சாயங்காலம் ஸ்கேனர் வண்டி சித்தூர் பக்கம் இன்னொரு கல்லூரிக்குப் போயாக வேண்டும்.

காலையில் போய் இறங்கினோம். ஸ்கேனரோடு வந்த டெக்னீஷியன் கல்லைப் பார்த்தார். அப்புறம் பர்வீனைப் பார்த்தார்.

வேடியப்பன் பளபளவென்று இருந்தார். புது எனாமல் பெயின்ட். மஞ்சள் வேட்டி, சிவப்பு உதடு, முறுக்கு மீசை. எழுத்து இருந்த இடத்தில் பள்ளமெல்லாம் மூடி வழவழவென்று வெள்ளிக் கலர்.

“இன்னாணா இப்டிப் பண்ணிட்டீங்க?” என்றாள் பர்வீன், பக்கத்தில் நின்ற பூசாரியிடம்.

அவர் முகத்தில் அத்தனை பெருமை. “நீதானேம்மா சொன்னே, சாமியப் படம் புடிக்க மெஷின் வருதுன்னு? படம்னா அழகா இருக்க வாணாமா? நேத்துலருந்து ஊரே வேல செஞ்சிகினு இருக்குது. இப்பதான் முடிச்சோம்.”

திட்டவா முடியும்? கல்யாண போட்டோவுக்கு நாம் பவுடர் அப்பிக்கொள்வதில்லையா?

மெக்கானிக் மகள் இல்லையா... பர்வீன் விரலால் தொட்டுப் பார்த்தாள். “இன்னும் காயலணா. தின்னர் போட்டா வந்துடும். எழுத்து இருக்கிற எடத்த மட்டும் தொடச்சிக்கிறேன்.”

“என்னியக் கேட்டா? சாமியத்தான் கேக்கணும்.”

கேட்பது என்றால் பூ வைத்துக் கேட்பது. சாமியின் இரண்டு தோளிலும் பூ வைப்பார்கள். வலது தோள் பூ முதலில் விழுந்தால் சம்மதம். இடது என்றால் வேண்டாம். ஊர் கூடியது. கற்பூரம் ஏற்றிப் பூ வைத்தார்கள்.

விழவில்லை.

டீ வந்தது. மதியச் சாப்பாடும் போட்டார்கள். பூ வைத்த இடத்திலேயே இருந்தது — ஈரப் பெயின்ட்டில் ஒட்டிக்கொண்ட பூ எப்படி விழும்? எனக்குப் புரிந்தது. பர்வீனுக்கும் புரிந்தது. பூசாரிக்கே புரிந்திருக்கும். யார் வாயைத் திறப்பது? வைத்த பூவை எடுத்து மறுபடி வைக்கவும் கூடாதாம். “சாமி யோசிக்குது” என்றார்கள். உட்கார்ந்திருந்தோம். வெயில் ஏற ஏறப் பெயின்ட் காய்ந்தது; பூவும் அதோடு சேர்ந்து காய்ந்தது.

சாயங்காலம் ஸ்கேனரோடு வண்டி கிளம்பிவிட்டது. அடுத்த முறை வருவதற்குள் பர்வீன் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும், அந்த அத்தியாயம் இல்லாமல். அவள் அழுதாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

இத்தனை கல்லூரிகளைக் கூட்டுச் சேர்த்தவர்கள், கல்லை வைத்திருக்கும் ஊரையும் சேர்த்திருக்கலாம். அந்த மெஷினுக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் இப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே, மனசு கேட்காமல் எங்களோடு ரோடு வரை நடந்துவந்த பூசாரி, ஆட்டோவில் ஏறிய பர்வீனிடம் குனிந்து சொன்னார்:

“அடுத்த வாட்டி சொல்லாம வந்துடும்மா. சொன்னியானா எங்களால சும்மா இருக்க முடியாது.”