வாளையார் வெயிலில் ஒட்டிய தகடுகள்

சூரியநெல்லி மலைக் குளிரில் மாதக்கணக்காக ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தும் ஒட்டாத என் பிளாஸ்டிக் தகடுகள், கோவை வழியாகப் பாலக்காட்டு ஆய்வகத்துக்குப் போனபோது, வாளையார் எல்லைச் சாவடியின் லாரி நெரிசலில், காரின் பின்கண்ணாடி வெயிலில் ஒரே கட்டியாகிவிட்டன. மறுசுழற்சி ஆய்வுக்காக நானே வார்த்தவை. சூடேறினால் அவற்றின் மூலக்கூறுகள் பழைய பிடியை விட்டு, பக்கத்தில் இருப்பதைப் பற்றிக்கொள்ளும். குளிரில் பிடியை மாற்றா.

"ஏனுங்க, வீணாப் போயிருச்சுங்களே! வீசிப்போடட்டுங்களா?" என்றார் கார் டிரைவர்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வீசக் கூடாதுன்னுதானண்ணே இதைச் செஞ்சேன்!"

ஆய்வகத்தில் இறங்கியதும் அவரையும் உள்ளே அழைத்துக்கொண்டேன். கட்டியைத் துண்டுதுண்டாக வெட்டி, சூட்டில் அழுத்தித் திரும்பவும் தகடாக்கினேன். ஆறியதும் அவர் கையில் கொடுத்து வளைக்கச் சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டு வளைத்தார். தகடு அவர் கையை உதறிவிட்டு நிமிர்ந்தது.