மரியோவின் ஐஸ்கிறீமும் என் வீட்டு உப்பும்

செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு பதினைந்துக்கு மாக்கஸ் அழைத்தான். மாக்கஸ், மரியோவின் அக்கா மகன், ஒஷாவாவில் இருப்பவன். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் சமையலறையில் மதியச் சாப்பாட்டுத் தட்டுகள் திரும்பி வந்துகொண்டிருந்த நேரம் அது. மாமாவுக்குக் காலையில் நெஞ்சுவலி வந்தது, ஆஸ்பத்திரியில் ஒரு மணிக்கு உயிர் போய்விட்டது என்றான். நான் "சரி" என்றேன். மிச்சத் தட்டுகளையும் அடுக்கி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு எடுத்து என் மனைவி நிசாந்தினிக்குச் சொன்னேன்.

மரியோவும் நானும் அதே சமையலறையில் பதினொரு வருடம் வேலை செய்தோம். அவர் பிலிப்பைன்ஸ்காரர், என்னைவிட ஆறு வயது மூத்தவர். அங்கே வேலை செய்த தமிழ்ப் பிள்ளைகள் என்னை அண்ணை என்று கூப்பிடுவதைக் கேட்டு அவரும் அண்ணை என்றார். அவர்களுடைய மொழியில் அண்ணனுக்குக் குயா என்பார்கள். நான் அவரைக் குயா என்றேன். எங்களுக்குள் ஆங்கிலம்தான், ஆனால் அவர் சொன்னது என் காதில் எப்போதும் எங்கள் பேச்சாகவே இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

கனடாவுக்கு வருமுன் பதினான்கு வருடம் மனிலாவில் வண்டி தள்ளி ஐஸ்கிறீம் விற்றவர். வண்டிகள் ஒரு முதலாளியுடையவை. விற்பவர்கள் எல்லாரும் அவருடைய முற்றத்தில் விடிய நாலு மணிக்குக் கூடி, அவரவர் ஐஸ்கிறீமை அவரவரே செய்வார்கள். மரத்தொட்டிக்குள் ஒரு உலோக உருளை. சுற்றிவர உடைத்த ஐஸும் கல் உப்பும்; உப்புச் சேர்ந்தால்தான் உள்ளே இருப்பது உறையும் அளவுக்கு ஐஸ் குளிரும். உருளைக்குள் தேங்காய்ப்பாலும் சீனியும் பழமும். உருளையைக் கையால் இப்படியும் அப்படியும் திருப்ப வேண்டும். சுவரில் உறைவதை நீண்ட அகப்பையால் சுரண்டிச் சுரண்டி உள்ளே தள்ள வேண்டும். ஒரு வண்டியில் மூன்று உருளை, மூன்று சுவை. கோனிலும் கொடுப்பார்கள், பணிஸ் ரொட்டியைப் பிளந்து அதற்குள்ளும் வைத்துக் கொடுப்பார்கள்.

அந்த ஐஸ்கிறீமுக்கு அங்கே ஊரே வைத்த பெயர் அழுக்கு ஐஸ்கிறீம். தெருவில் விற்பதால் அந்தப் பெயர். பெரும்பாலும் செல்லமாகத்தான் சொல்வார்களாம், சொல்லிக்கொண்டே வாங்கியும் சாப்பிடுவார்களாம். மரியோவும் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் கொதிதண்ணீரில் மூன்று தரம் கழுவாமல் அவர் ஒரு நாளும் உருளையைத் தொட்டதில்லை. பள்ளிக்கூட வாசலில் ஒரு தாய், கோனுக்கு நீட்டிய பிள்ளையின் கையைத் தட்டிவிட்டதை ஒரு தரம் சொன்னார். அதைச் சொன்னபோது மட்டும் சிரிக்கவில்லை.

ஓய்வு பெற்றதும் மாக்கஸைக் கொண்டு ஒரு வண்டி செய்வித்தார். அவருடைய அப்பார்ட்மென்டில் அதை வைக்க விடமாட்டார்கள் என்பதால் மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டுக் கராஜில் நின்றது. மஞ்சளும் சிவப்பும் பூசி, பக்கவாட்டில் பூக்கள் வரைந்திருந்தார்.

"குயா, பென்சன் வருகுது. முழங்காலும் சரியில்லை. இதை ஏன் இழுத்துப் போடுறீங்கள்?" என்று கேட்டேன்.

"விக்கிறதுக்கு இல்லை அண்ணை. கடதாசிக்கு."

"என்ன கடதாசி?"

"இந்த ஐஸ்கிறீம் சுத்தம் எண்டு அரசாங்கம் எழுதித் தாற கடதாசி. அதை வண்டியிலை முன்னுக்கு மாட்டோணும். பிறகு ஒரு கோன் வித்தாலும் காணும்."

அதற்கு ஓடும் தண்ணீர், கை கழுவும் தொட்டி, அனுமதி உள்ள சமையலறை எல்லாம் வேண்டும். வெக்ஸ்போர்ட்டில் அவர் போகும் தேவாலயத்தின் நிலவறைச் சமையலறையை ஒழுங்கு செய்தார். சமையல்காரருக்கான வகுப்புக்கு மறுபடி போய்ச் சோதனை எழுதினார்.

முதல் தரம் எங்கள் வீட்டுக்கு மூன்று டப்பாவில் ஐஸ்கிறீம் கொண்டுவந்தார். நிசாந்தினி மூடியைத் திறந்து பார்த்தாள்.

"இந்த மஞ்சள் என்ன?"

"சீஸ்."

"பிட்சாவுக்குப் போடுற சீஸோ? ஐஸ்கிறீமுக்கையோ?" என்னிடம் திரும்பித் தமிழில், "உவருக்கு விசரே?" என்றாள். ஒரு கரண்டி வாயில் வைத்தாள். பிறகு டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ஊதா நிற ஐஸ்கிறீமைப் பார்த்ததும், "உது எங்கடை இராசவள்ளிக்கிழங்கெல்லோ" என்றாள். அதேதான். தமிழ்க்கடையில் உறைய வைத்து விற்கும் அதே கிழங்கு. நாங்கள் தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டுக் கஞ்சி காய்ச்சுவோம் என்று அவருக்குச் சொன்னாள்.

"நீங்கள் சூடாக்கிறீங்கள், நாங்கள் குளிராக்கிறம்," என்றார் மரியோ. "மிச்சமெல்லாம் ஒண்டுதான்."

போன வருடம் ஜூன் மாதம் தேவாலயச் சமையலறையில் பரிசோதனை. பதினொரு மணிக்கு மாநகரசபையிலிருந்து ஆள் வருவதாக இருந்தது. மூன்று சுவையும் வருபவரின் கண் முன்னே உறைய வேண்டும் என்று மரியோ நினைத்திருந்தார். ஒன்பதரைக்கு உப்பு முடிந்தது. மூன்றாவது தொட்டிக்குக் காணாது. நான் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். எங்கள் கராஜ் கதவோரம் எப்போதும் ஒரு மூட்டை உப்பு இருக்கும். ஸ்காபரோவில் வீடு வைத்திருக்கும் எவரிடமும் இருக்கும்; பனிக்காலத்தில் வழுக்காமலிருக்கப் படியில் தூவுவது. கல் உப்பு, பெரிய கல். எனக்கு அந்த நேரத்தில் உப்பு என்றால் உப்புத்தான்.

மரியோ ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் பார்த்தார். "இது ஏன் நீலமாயிருக்குது?"

"ஏதோ நிறம் போட்டிருக்கிறாங்கள். வெளியிலைதானே கொட்டுறம் குயா. உருளைக்குள்ளை போகாது."

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கொட்டினார்.

வந்தவர் ஓர் இளம்பெண். மரியாதையாகப் பேசினார். தண்ணீரின் சூடு, பாலின் குளிர், மரியோவின் நகம் எல்லாம் பார்த்து ஒவ்வொன்றுக்கும் "நல்லது" என்று குறித்துக்கொண்டு வந்தார். பிறகு மேசைக்குக் கீழே மூட்டையைக் கண்டார். அதில் பனி மூடிய படியும் ஒரு சப்பாத்தும் படமாக இருந்தன. பிள்ளைகளுக்கும் வளர்ப்பு மிருகங்களுக்கும் எட்டாமல் வைக்கவும் என்று கீழே எழுதியிருந்தது. நான் பதினொரு வருடத்துக்கு மேலாக உணவுச் சமையலறையில் வேலை செய்கிறவன். அந்த வரியைப் படித்துப் பார்க்கவில்லை.

"இது படிக்குப் போடுகிற உப்பா?" என்று கேட்டார்.

நான் ஓம் என்றேன். அவர் மூன்றாவது உருளையின் விளிம்பைப் பேனா முனையால் காட்டினார். அங்கே இரண்டு நீலத் துளிகள் நின்றன.

ஒன்றும் வைத்திருக்க முடியாது என்றார். மரியோவே மூன்று உருளையையும் தூக்கிக் கழுவும் தொட்டிக்குள் கவிழ்த்தார். முதலில் தேங்காய், பிறகு சீஸ், கடைசியாக இராசவள்ளி. ஒவ்வொன்றையும் உடனே கழுவி வைத்தார். மறுபடி விண்ணப்பித்து முடிய அந்தக் கோடை போய்விடும், அடுத்த வருடம் வாருங்கள் என்று அந்தப் பெண் சொன்னார். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை.

காரில் நான், "என்னிலைதான் பிழை குயா" என்றேன்.

"அந்த மரத்தொட்டிக்குள்ளை இந்த வருசம் ஒருத்தரும் வழுக்கி விழமாட்டினம்," என்றார்.

அதற்குப் பிறகு என்னைக் குற்றம் சொன்னதே இல்லை. நக்கலடித்தார், அவ்வளவுதான். பனி கொட்டும் காலைகளில் தொலைபேசி வரும். "அண்ணை, வாசலுக்கு ஐஸ்கிறீம் போட்டாச்சோ?" நான் சிரிப்பேன். சிரித்தாலும், அறுபத்தாறு வயது மனிதனிடமிருந்து ஒரு கோடையை எடுத்துவிட்டேன் என்ற கணக்கு எனக்குத் தெரியும்.

இந்த மே மாதம் இரண்டாவது பரிசோதனை. "நீங்கள் வாங்கோ. ஆனா கையை வீசிக்கொண்டு வாங்கோ," என்று சொல்லியிருந்தார். நிசாந்தினி தேவாலயச் சமையலறைக்கே போய்க் கிழங்கை அவித்து மசித்துக் கொடுத்தாள். அதே பெண் வந்தார். முதலில் குனிந்து உப்பு மூட்டையைத்தான் பார்த்தார். கடல் உப்பு, சமையலுக்கானது. அவர் நிமிர்ந்தபோது மரியோ என்னைக் கைகாட்டி, "இவரைச் சோதிச்சுப்போட்டுத்தான் உள்ளை விட்டனான்" என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டார். போகும்போது, வண்டி எங்கே நிற்கும் என்று கேட்டார்.

போன வியாழக்கிழமை கடதாசி தபாலில் வந்தது. மரியோ அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்துத் தானே ஒரு தரம் சத்தமாக வாசித்தார். பிறகு என்னை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"இன்னொருக்கா வாசியுங்கோ அண்ணை. மெல்ல."

முதல் விற்பனை வருகிற சனிக்கிழமை என்று முடிவு செய்தார். திங்கட்கிழமை பின்னேரம் கராஜுக்கு வந்து, கடதாசியை ஒரு பிளாஸ்டிக் சட்டத்துக்குள் வைத்து வண்டியின் முன்பக்கம் பூட்டத் தொடங்கினார். உயரத்தை அளந்தார். ஒரு பிள்ளையின் கண்ணுக்கும் தாயின் கண்ணுக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்றார். பாதியில் துளைக்கருவியின் பற்றரி இறங்கிவிட்டது. என்னிடம் திருப்புளி இருந்தது, கையால் பூட்டலாம் என்றேன். பலகை வெடிக்கும், வேண்டாம் என்றார். சார்ஜில் போடச் சொல்லிவிட்டு, நாளைக்கு வாறன் என்று போனார்.

சட்டத்துக்கு நாலு திருகாணி. மேலே உள்ள இரண்டும்தான் பூட்டியிருக்கிறது.