பத்தா, ஆறா

வில்லியனூர் பக்கத்துக் கிராமத்துக்கு மருமகளாய் வந்த புதிதில், என்ன ஆராய்ச்சி செய்கிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "கணக்கு" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். லீ இயற்கணிதப் பிரதிநிதித்துவங்களில் மாறாத டென்சர்களை எண்ணுகிறேன் என்று முழுதாகச் சொன்னால் பேச்சு அங்கேயே படுத்துவிடும்.

கணவர் மட்டும் விடவில்லை. பள்ளியில் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுப்பவர். ஒரு ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும், "எனக்குப் புரியிற மாதிரி சொல்லேன்" என்று உட்கார்ந்துவிட்டார்.

"ஒரே புள்ளியிலேர்ந்து சில அம்புங்க கெளம்புதுன்னு வச்சிக்கங்க. எல்லாத்தையும் ஒண்ணா சுத்தினாலும் மாறாத, ஒண்ணையொண்ணு சாராத அளவு எத்தன? ஒவ்வொரு அம்பையும் ஒரு தடவதான் எடுத்துக்கணும்."

இரண்டு அம்புக்கு ஒன்று, அவற்றின் புள்ளிப் பெருக்கல். மூன்றுக்கும் ஒன்று, அவை அடைக்கும் பெட்டியின் கனஅளவு. நான்கை ஜோடி ஜோடியாகப் பிரிக்க மூன்று வழி. இதுவரை தலையாட்டினார்.

"அஞ்சுக்கு ஆறு" என்றேன்.

"தப்பு. ரெண்டு அம்பு ஜோடி, மீதி மூணு பெட்டி. அஞ்சுல ரெண்டு எடுக்க பத்து வழி. என் பசங்களே சொல்லுவாங்க."

என்னிடம் ஒரு தொடர்பு இருந்தது. முந்தைய இரண்டு விடைகள் தெரிந்தால் அடுத்தது கிடைக்கும். நான்கின் விடையான மூன்றை இரட்டித்தால் ஆறு. மூன்றின் விடையான ஒன்றை மும்மடங்காக்கினால் மூன்று. கூட்டினால் ஒன்பது. அம்பு ஐந்து என்பதால், அதில் ஒன்று குறைந்த நாலால் இந்த ஒன்பதைப் பெருக்கி, ஒன்று கூடிய ஆறால் வகுக்க வேண்டும். ஆறு.

"ஃபார்முலாவே தப்பா இருக்கும்" என்றார்.

அடுப்படியிலிருந்து அத்தை குரல் கொடுத்தார். "யாருனா ஒருத்தர் வந்து மீன கழுவிக் குடுங்கப்பா."

தோற்றவர் கழுவ வேண்டும் என்று பந்தயம் கட்டினோம். அவர் லேப்டாப்பைத் திறந்து, அம்புகளுக்குக் கண்டபடி எண்களைக் கொடுத்து, பத்து அளவுகளில் ஒன்றையொன்று சாராதவை எத்தனை என்று பார்த்தார். ஆறு. எண்களை மாற்றினார். மறுபடியும் ஆறு. திரையை முறைத்துக்கொண்டே இருந்தவர், மெல்லச் சொன்னார்.

"இருக்கறதே மூணு திசை. நாலாவது அம்ப மத்த மூணுல எழுதிடலாம். அதான் பத்துல நாலு உதிர்ந்துடுதா?"

"அதேதாங்க. போய் மீன கழுவுங்க."

போனார். துவைக்கிற கல்லருகே குந்திச் செதில் எடுத்தார். மூக்குக்கண்ணாடியிலும் செதில். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். திடீரென்று கை நின்றது.

"ஆறு அம்புக்கு நானே சொல்றேன் இரு. மூணு ஜோடியா பிரிக்க பதினஞ்சு வழி. ரெண்டு பெட்டியா பிரிக்க பத்து. மொத்தம் இருவத்தஞ்சு." கொஞ்சம் யோசித்தார். "இல்ல, ரெண்டு பெட்டிய பெருக்கினா டிட்டர்மினன்ட். அது ஜோடிங்களாவே பிரிஞ்சிடும். அந்தப் பத்தும் வேணாம். பதினஞ்சு!"

நான் தொடர்பைப் போட்டேன். ஆறின் இரட்டிப்பு பன்னிரண்டும் மூன்றின் மும்மடங்கு ஒன்பதும் இருபத்தொன்று. ஐந்தால் பெருக்கி ஏழால் வகுத்தேன்.

"பதினஞ்சேதாங்க!"

அவர் போட்ட கூச்சலில் அத்தை கரண்டியோடு ஓடிவந்தார். "இன்னாடா, முள்ளு குத்திக்கிச்சா?"

"இல்லம்மா, பதினஞ்சு!"

"நான் எத்தன துண்டுன்னா கேட்டேன்? கழுவுனத குடுடா, புளி கொதிக்குது."

நாற்காலியிலிருந்து விழுகிற அளவுக்குச் சிரித்தேன். அன்றுவரை அந்த வீட்டில் என் ஆராய்ச்சி என்பது காலையில் பஸ் ஏறி, சாயங்காலம் களைத்துத் திரும்புகிற ஒன்று. அவ்வளவுதான்.

சாப்பிடும்போது, "ஏழுக்கு எவ்ளோ?" என்று கேட்டார். விடை எனக்குத் தெரியும். சொல்லாமல் இன்னொரு துண்டு மீனை அவர் தட்டில் வைத்தேன்.