வாய் வைக்காத வால்வு

காலை ஏழு மணி பத்து நிமிடம். சென்னீர்குப்பத்தில் பெங்களூர் சாலையை ஒட்டியிருந்த பழைய பட்டாளச் சாமான் கடையின் தகரக் கதவு பாதி தூக்கியிருந்தது. முதலில் கண்ணில் பட்டவை முன்பக்க ஆணியில் தொங்கிய இரண்டு ரப்பர் குழாய்கள். ஒவ்வொன்றின் ஒரு முனையில் உள்ளங்கை அகலப் பித்தளை வால்வு. மறுமுனையில் பல்லால் கவ்விக்கொள்ள ஒரு ரப்பர் வாய்.

உலகப் போர் முடிந்த மறு வருடம் அது. ஆவடி முகாமில் கழித்த சாமான்கள் சாலையோரக் கடைகளுக்கு வந்துகொண்டிருந்தன. கூடாரத் துணி, பூட்ஸ், தண்ணீர் டின், கண்ணாடி உடைந்த டார்ச். அவற்றோடு, விமானத்தில் உயரப் பறந்தவர்கள் மூச்சு வாங்கிய வால்வுகளும் வந்தன. அதில் ஒன்றை வாங்கத்தான் நானும் அண்ணனும் சைக்கிளில் போயிருந்தோம்.

அண்ணன் கிணற்றில் முங்குகிறவர். அம்பத்தூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் ஆயில் இன்ஜின் வைத்துத் தண்ணீர் இறைக்கத் தொடங்கியிருந்தார்கள். கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வில் சேறும் வேரும் அடைத்துக்கொள்ளும். அண்ணன் தம் கட்டிக்கொண்டு இறங்கி அதைக் கழற்றி மேலே கொண்டுவருவார். அந்த மழைக்காலத்தில் அவருக்கு மார்புச் சளி வந்து போனது. அதன்பிறகு தம் பழையபடி நிற்கவில்லை. அண்ணனூர்த் தோட்டக் கிணற்றில் மூன்று முறை இறங்கியும் ஃபுட்வால்வு கழலவில்லை. மூன்றாம் முறை மேலே வந்தபோது மூக்கில் ரத்தம். ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுக்காவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பதாகத் தோட்டக்காரர் சொல்லிவிட்டார்.

அண்ணி வேறு விதமாகச் சொன்னார். "அடுத்த வாட்டி நீ மேல வராட்டி, நான் எந்தக் கிணத்துல போய்த் தேடுறது?"

முகாமில் லாரி பழுதுபார்க்கும் மெக்கானிக் ஒருவர் அண்ணனுக்குக் கூட்டாளி. விமான வால்வை ஒரு சிறு சிலிண்டரோடு மாட்டி, வெளித்துளைகளை அடைத்துவிட்டால் தண்ணீருக்குள்ளும் மூச்சு வாங்கலாம் என்றவர் அவர்தான். கூடவே எச்சரித்தும் அனுப்பினார்.

"பொத்தான அமுக்கிப் பாத்து ஏமாறாத, நைனா. உள்ள ஒரு ரப்பர் தோலு கீது. அது காஞ்சு போயிருந்தா, அமுக்கினா காத்து வரும், இழுத்தா வராது. தண்ணிக்குள்ள அமுக்கிகினேவா இருப்பே? வாயில வெச்சு இழுத்துப் பாத்துட்டு வாங்கு."

கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். நெற்றி நிறையத் திருநீறு. நான் அப்போது நகரத்துப் பத்திரிகை ஒன்றில் நிருபன். இஸ்திரி போட்ட சட்டை, பையில் பேனா. அண்ணன் முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டியோடு, செருப்பில்லாமல், எனக்குப் பின்னால் நின்றார்.

"வாங்க சார். வால்வா? முதல் தரம். பாருங்க."

ஒன்றை எடுத்து, நாங்கள் கொண்டுபோயிருந்த சிலிண்டரில் மாட்டிப் பொத்தானை அழுத்தினார். சீறியது. மற்றதை மாட்டி அழுத்தினார். அதுவும் அதே போலச் சீறியது. அண்ணன் கையை நீட்டினார். கடைக்காரர் குழாயைத் தன் மார்போடு இழுத்துக்கொண்டார்.

"சார் வேணும்னா வாய் வெச்சுப் பாருங்க. உங்க ஆளு வேணாம்."

"என் ஆளு இல்ல. என் அண்ணன். கூடப் பொறந்தவரு," என்றேன்.

கடைக்காரர் என் பேனாவைப் பார்த்தார். பிறகு அண்ணனின் பாதங்களை. பிறகு மறுபடி பேனாவை. எந்த ஊர், எந்தத் தெரு என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. குழாயை ஆணியில் மாட்டினார்.

"அப்ப யாரும் வேணாம். எச்சி பட்டா அப்புறம் எவன் வாங்குவான்?"

எத்தனையோ இடத்தில் கேட்ட சொல்தான். ஆனால் காபி கிளப்பில் டம்ளர் தர மறுத்தவனை விட்டுவிட்டு வேறு இடத்தில் தண்ணீர் குடித்துக்கொள்ளலாம். இது மூச்சு. அந்த வால்வு காற்றுத் தருமா என்று தெரியாமல் வாங்கினால், அது கிணற்றடியில்தான் தெரியும். இதைக் கடைக்காரரிடம் சொன்னேன். என் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்துச் சைக்கிள் கடையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"கோவிச்சுக்காதீங்க சார். இழுத்துப் பாக்கட்டும், யாரு வேணாம்னது? வாய் வைக்காம பாக்கட்டும். அண்ணாந்து குடிக்கிறது இல்லையா, அந்த மாரி."

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. பெரிய சலுகை தருவது போலச் சொன்னார். அதுதான் எனக்குத் தாளவில்லை.

அண்ணன் சிரித்தார். "அண்ணாந்து குடிக்க இது இன்னா செம்புத் தண்ணியா, அண்ணாத்தே? காத்து. மேலயிருந்து ஊத்துவியா?"

சைக்கிள் கடைக்காரர்களும் சிரித்தார்கள். கடைக்காரருக்கு முகம் கறுத்தது.

"இதோ பாருப்பா, ஒனக்கு வேணும்னா வாங்கு. இல்லாங்காட்டி நட."

"சரி. இது யார் வாயில இருந்து வந்தது?" என்றார் அண்ணன்.

"இன்னாது?"

"சோல்ஜர் வாயில இருந்துதானே? வெள்ளக்காரன் வருசக்கணக்கா கவ்விகினு இருந்தது. மாட்டுக்கறி துன்ன வாயி. அது எச்சி இல்லியா?"

"அவன் பைலட்டு. மேல பறக்கிறவன்."

"மேல பறந்தா எச்சி கீழ உழாதா, மாமே?"

இந்த முறை சாலையில் நின்ற மாட்டுவண்டிக்காரரும் சிரித்தார். நான் ஒரு வழி சொன்னேன். சுத்தமான கைக்குட்டையைப் போட்டு அதன் மேல் வாய் வைக்கட்டும். "துணி போட்டா எச்சி தாண்டாதா?" என்றார் கடைக்காரர். அப்படியானால் நீங்களே இழுத்துக் காட்டுங்கள் என்றேன். அவர் ஓரடி பின்வாங்கினார். "கண்டவன் வாய் வெச்சத நான் வைப்பனா?"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டிருக்க வேண்டும். பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

எங்கள் குடும்பம் கிறிஸ்தவக் கோயிலுக்குப் போகிற குடும்பம். திருவிருந்தன்று எல்லோரும் ஒரே கிண்ணத்தில் வாய் வைத்துத்தான் திராட்சரசம் குடிப்போம். அந்த ஒரே கிண்ணம் யாரிடம் முதலில் போகும், யாரிடம் கடைசியில் வரும் என்பதற்கு அங்கேயும் ஒரு வரிசை இருந்தது. நாங்கள் உட்கார்ந்த பெஞ்சுக்கு அது வரும்போது பெரும்பாலும் அடிவண்டல்தான் இருக்கும். அதனால் கடைக்காரரின் கணக்கு எனக்குப் புதிதல்ல. புதிதல்ல என்பதாலேயே என் கோபம் கூடியது.

நான் இன்னும் பேசிக்கொண்டிருந்தேன். அண்ணன் என்னைத் தாண்டி முன்னால் வந்தார். எட்டி, ஆணியிலிருந்து ஒரு குழாயை எடுத்துச் சிலிண்டரில் மாட்டி, திருகைத் திறந்து, ரப்பரை வாயில் கவ்வினார். கடைக்காரர் "டேய், டேய்" என்று கையை நீட்டி, தொடாமலேயே நிறுத்திக்கொண்டார். அண்ணன் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். கன்னம் இரண்டும் உள்ளே குழிந்தன. கழுத்து நரம்பு புடைத்தது. காற்று வரவில்லை. பொத்தானை அழுத்தினார், சீறியது. விட்டுவிட்டு இழுத்தார், வரவில்லை. வாயிலிருந்து எடுத்துத் தரையில் துப்பினார்.

இரண்டாவதை மாட்டினார். இழுத்தார். வால்வுக்குள் சின்னதாய் 'டக்' என்று ஒரு சத்தம். மார்பு நிமிர்ந்தது. மறுபடி இழுத்தார். மறுபடி 'டக்'. ஏழெட்டு மூச்சு அப்படியே நின்று வாங்கினார், கடைக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டு.

"இது குடு. அது செத்துப் போச்சு."

"ரெண்டையும் எடுத்துகினு போ. ரெண்டுத்துலயும் வாய் வெச்சே."

"காத்து வராததுக்கு எவன் துட்டு குடுப்பான்?"

அந்தச் சண்டை கொஞ்ச நேரம் நடந்தது. என் பத்திரிகையின் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். கடைக்காரர் அதைப் பொருட்படுத்தவில்லை. கடைசியில் மாட்டுவண்டிக்காரர்தான் முடித்துவைத்தார். "உடு அண்ணாத்தே, செத்த சாமானுக்கு இன்னா பஞ்சாயத்து?" கடைக்காரர் ஒரு குச்சியால் அந்த முதல் குழாயைத் தூக்கி, கொல்லையில் கிடந்த துருக்குவியலின் மேல் போட்டார். எங்கள் பணத்தை மட்டும் கையால் வாங்கிக்கொண்டார்.

வழியில் லாரி ஷெட்டில் சிலிண்டருக்குக் காற்றடித்தோம். மெக்கானிக் துளைகளைத் தாரும் துணியும் வைத்து அடைத்தார். "மேல வரச்சொல்ல மட்டும் தம் கட்டாத. மூச்ச உட்டுகினே வா. கட்டினா மாரு வெடிச்சிடும்," என்றார். ஆயுள் முழுக்கத் தம் கட்டிப் பழகிய ஆளுக்கு அது சுலபமான கட்டளை அல்ல. அண்ணன் அதைத் தனக்குத் தானே முணுமுணுத்துக்கொண்டு சைக்கிள் மிதித்தார்.

அண்ணனூர்க் கிணற்றில் அவர் இடுப்பில் கட்டிய கயிறு என் கையில் இருந்தது. அவர் முங்கியதும் தண்ணீர் மூடிக்கொண்டது. பிறகு குமிழிகள் வந்தன. கூட்டமாக ஒரு முறை, இடைவெளி, மறுபடி ஒரு கூட்டம். ஒவ்வொரு இடைவெளியிலும் நான் அந்தக் கடைக்காரரை மனதுக்குள் திட்டினேன். அவர் பேச்சைக் கேட்டு நடந்திருந்தால், பாதிக்குப் பாதி, அந்த முதல் குழாய்தான் இப்போது கீழே இருந்திருக்கும். தோட்டக்காரர் இரண்டு முறை, "போயிட்டானா?" என்று கேட்டார். இரண்டாம் முறை நான் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கயிறு இரண்டு இழுப்பு இழுத்தது. குமிழி விட்டுக்கொண்டே மேலே வந்தார். கையில் ஃபுட்வால்வு. மூக்கில் ரத்தம் இல்லை.

சிலிண்டரின் திருகுக்கு ஒரு வாஷர் குறைந்தது. அதற்காகத் திங்கட்கிழமை காலை, வேலைக்குப் போகும் முன் நான் மட்டும் சென்னீர்குப்பம் போனேன். கடையின் தகரக் கதவு முழுவதும் தூக்கியிருந்தது. முன்பக்க ஆணியில் ஓர் அட்டை தொங்கியது. அதில் நீல மசியில் எழுதியிருந்தது: "புதுசு. யாரும் வாய் வைக்காதது."

அட்டைக்குக் கீழே காற்று வராத அந்த வால்வு இருந்தது.