வால் தூக்கிய வாடகைக் கார்கள்

காருக்குக் கமான் கட்டு போடுகிறவனுக்கு ஊரில் யாருடைய முகமும் சரியாக ஞாபகம் இருக்காது. அவரவர் வண்டியின் பின்பக்கம்தான் ஞாபகம் இருக்கும். எழுபதுகளில் திருத்தணியில், அரக்கோணம் சாலையில் எனக்கு ஒரு பட்டறை இருந்தது. வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கும் இருக்குமே? தையல்காரரோ பல் டாக்டரோ, யாராக இருந்தாலும் வாருங்கள், சேர்ந்தே புலம்பலாம்.

விஷயம் இவ்வளவுதான். பழைய அம்பாசிடரின் பின்பாரத்தைத் தாங்குவது அடுக்கிக் கட்டிய இரும்புப் பட்டைகள். அதுதான் கமான் கட்டு. பட்டை குறைந்தால் வண்டி பின்னால் உட்காரும். கூடினால் வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அப்படிப்பட்ட வண்டி காலியாக ஓடினால் பின்சக்கரம் தரையில் பதியாமல் துள்ளும். எஞ்சின் தள்ளுவதும் அந்தச் சக்கரத்தைத்தான். மழையில், வளைவில் வேகம் கொடுத்தால் வண்டியின் முன்பாதி ஒரு பக்கமும் பின்பாதி வேறு பக்கமுமாகப் போகப் பார்க்கும்.

போலீஸ் பார்க்கும் இடம்

கே.ஜி.கண்டிகையிலிருந்து வந்த ஒரு டாக்சிக்காரர் தன் காருக்கு லாரிப் பட்டை போடச் சொன்னார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "அண்ணே, இதைப் போட்டால் காலி வண்டி ரோட்டில் நிற்காது, வழுக்கும்" என்று விளக்கினேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அப்போது ஆந்திராவிலிருந்து அரிசி கொண்டுவரக் கெடுபிடி. டிக்கியில் மூட்டை ஏற்றினால் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து காட்டிக்கொடுத்துவிடும். லாரிப் பட்டை போட்டால் எத்தனை மூட்டைக்கும் அசையாது. இத்தனை நாளாகக் கூடுதல் பட்டை கேட்டு வந்தவர்கள் எதற்காகக் கேட்டார்கள் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் நிதானமாகப் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார்: "போலீசு உன் மூஞ்சிய பாக்கமாட்டான் நைனா, வண்டிக்குப் பின்னாடிதான் பாப்பான்."

மலைமேல் ஒரு சுற்று

அடுத்து வந்தவர் என் பாவா, அதாவது அக்காவின் புருஷன். நகரியில் வீடு, சொந்தமாக ஒரு அம்பாசிடர். அவருக்கும் லாரிப் பட்டை வேண்டுமாம், அதே அரிசி மூட்டைக்குத்தான். முடியாது என்றேன். வேறு ஊரில் போட்டுக்கொண்டு வந்து என் பட்டறை வாசலிலேயே நிறுத்தினார். கார், மூக்கைத் தரையில் தேய்த்துக்கொண்டு நின்றது.

"பின்னால சத்தம் வருது, கூட வந்து பாரு மச்சான்" என்று என்னை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்கு மலைப்பாதையில் ஏறினார். பின்சீட்டில் வாடகை பேசி ஏறிய சித்தூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், தனியாக. தூறல் வேறு. ஒரு வளைவில் பாவா ஆக்சிலேட்டரை மிதித்தார். மலை நகர்ந்தது, பள்ளம் தெரிந்தது, ஏரி தெரிந்தது, மறுபடியும் மலை வந்தது. வண்டி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, போன திசையையே பார்த்து நின்றது. பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்: "சாமிய பாக்கறதுக்கு முன்னாடியே ஒரு பிரதட்சணம் ஆயிடுச்சி நைனா, கெளம்பு."

அக்காவின் ஆட்டுக்கல்

அக்கா அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. பிரசவத்துக்கு அவளை இந்த வண்டியில்தான் திருத்தணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். பட்டையைக் கழற்றுங்கள் பாவா என்று கெஞ்சினேன். "அதெல்லாம் வழி பண்ணிட்டேன்" என்றார்.

என்ன வழி என்பது நாலு நாளில் தெரிந்தது. பாவா காரோடு பட்டறைக்கு வந்திருந்தபோது, அக்கா அந்த வயிற்றோடு பஸ் பிடித்து வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது. நேராகக் காரிடம் போனாள், டிக்கியைத் திறந்தாள். காலி வண்டி துள்ளக் கூடாது என்று பாவா உள்ளே பாரம் வைத்திருந்தார். வீட்டு ஆட்டுக்கல், குழவியோடு! பாவா காருக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். அக்கா என்னைத்தான் பிடித்தாள்: "மாவாட்ட கல்லு இல்லாம நான் நின்னுகினு இருக்கறேன், உங்க காருக்கு கல்லு கேக்குதாடா?"

சாவடியில் ஒரு சோதனை

அன்றைக்கே ஆட்டுக்கல்லை இறக்கி, கூடுதல் பட்டைகளையும் என் கையாலேயே கழற்றினேன். பாவா முனகிக்கொண்டே நின்றார். அடுத்த மாதம் நான் நகரிக்குப் போயிருந்த அன்று அக்காவுக்கு வலி எடுத்துவிட்டது. கொட்டுகிற மழை. பாவா ஓட்ட, நான் முன்சீட்டில். பின்சீட்டில் அக்காவுக்கு இந்தப் பக்கம் பாவாவின் அம்மா, அந்தப் பக்கம் பக்கத்து வீட்டம்மா. வளைவுகளில் வண்டி ஒரு அங்குலம் வழுக்கவில்லை. நான் பயத்திலும் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். எத்தனையோ முறை மூட்டையோடு நிற்காமல் போன வண்டி, ஒரு மணி அரிசி இல்லாத அன்றைக்கு நின்றது. ஏனென்றால் பின்பக்கம் நன்றாக உட்கார்ந்திருந்தது. "இவ்ளோ உக்காந்துகினு வருதே, எத்தினி மூட்டை?" என்றார் காவலர். உண்மையிலேயே ஒன்றும் இல்லாததால் பாவாவுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. உளறினார். உளறியதும் சந்தேகம் கூடியது. காவலர் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தட்டிக்கொண்டிருந்தார். உள்ளே அக்கா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். சட்டென்று மாமியாரின் மடிமேல் சாய்ந்து, கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிக் கத்தினாள்: "மூட்டை அங்க இல்லய்யா, இங்க இருக்குது, வந்து நீயே எறக்கு!"

திரும்பவும் பட்டை

காவலர் வெலவெலத்துப் போய்த் தானே ஓடித் தடுப்புக் கட்டையைத் தூக்கினார். ஆஸ்பத்திரியில் இறக்கிய கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை. "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா ரெண்டு உயிருக்கும் ஆபத்து" என்றார் டாக்டரம்மா. பாவா தேம்பித் தேம்பி அழுதார். மனுஷன் திருந்திவிட்டார் என்று நினைத்தேன்.

அக்காவையும் குழந்தையையும் வீட்டுக்கு அழைத்துப் போகும் வழியில் பட்டறையில் வண்டியை நிறுத்தினார். "அந்தப் பட்டைங்களத் திரும்பப் போட்டுடு மச்சான். அன்னிக்கு வாலு தூக்கி இருந்தா சாவடியில நிறுத்தி இருக்கமாட்டான் இல்ல?" என்றார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, துணி மூட்டையையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள்: "ஆங், போட்டுக் குட்றா தம்பி, அவரு கார்ல வரட்டும், நாங்க பஸ்ஸுல போறோம்."

இத்தனை வருஷத் தொழிலில் கமான் கட்டைப் பற்றிச் சரியான முடிவெடுத்த வாடிக்கையாளர் ஒரே ஒருத்திதான், அவளும் பஸ்ஸில் போய்விட்டாள்.